வெயிலில் காயப்போட்ட சுவர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்துத் தேறியவள் நான். மழை இல்லாத மாதத்தில், ஒழுகாத ஒரு கூரையைப் பிரிக்கச் சொன்ன முதல் ஆளும் நான்தான். முன்னதை ஊரெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னதைச் சொல்ல எனக்கு முறையே வருவதில்லை; நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஆளுக்கொரு விதமாகக் கூட்டியும் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது எழுத்தில் இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். (இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் இடம் ஒன்றுகூட இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

என் அப்பா தங்கவேலு, சுவருக்குக் காகிதம் ஒட்டுகிறவர். இப்படிச் சொன்னால் நாடக நோட்டீஸ் ஒட்டுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னோடு படித்த பெண்கள் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். "உங்க அப்பா ஒட்டின நாடகத்துக்கு நேத்து போனோம்" என்று ஒருத்தி அன்பாகவே சொன்னாள். அப்பா ஒட்டுவது வேறு. கண்டோன்மெண்டிலும் பொன்மலையிலும் துரைகள் தங்கள் பங்களாக்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குப் பதிலாக, பூவும் கொடியும் அச்சிட்ட காகிதத்தைச் சுவர் முழுக்க ஒட்டிக்கொள்வார்கள். அது சுருள் சுருளாகக் கப்பலில் வரும். எங்கள் பக்கத்தில் அதை ஒழுங்காக ஒட்டத் தெரிந்தவர்கள் அப்பாவும் அவர் தம்பி முத்து சித்தப்பாவும்தான்.

ஒட்டுத் தெரியக் கூடாது. அப்பாவின் வேதாந்தம் முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடங்கிவிடும். ஒரு பட்டைக் காகிதம் முடிந்து அடுத்த பட்டை தொடங்கும் இடத்தை, அந்த வீட்டுக்காரரே விளக்கைப் பிடித்துத் தேடினாலும் கண்டுபிடிக்கக் கூடாது. அதற்காக முதல் நாள் முழுவதும் வேலையே செய்யாமல் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். பழைய சுண்ணாம்பை, நகத்தால் கீறினால் வெள்ளை வராமல் போகும் வரைக்கும் சுரண்டுவார். பிறகு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் நிற்கும் வரை மூச்சுக்கூட விடாமல் நிற்பார். "சுவர் நேரா இருக்கும்னு நம்புறவன் கொத்தனாரோட பழகாதவன்" என்பார். ஒட்டி முடிந்ததும் சன்னல் கதவு எல்லாவற்றையும் சாத்தி, யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிடுவார். ஈரம் மெதுவாக இறங்க வேண்டும். "ரெண்டு நாள் தூங்கட்டும்" என்பார், ஏதோ குழந்தையைச் சொல்வது போல.

எனக்கு இதெல்லாம் அப்போது அலுப்பாக இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். பாத்திரம் கழுவும்போதுகூடப் பூகோளம் பேசுவேன். தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி, அடுப்பில் பால் பொங்கி வழிந்த கதையும் உண்டு. (அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொங்கியது ஏன் என்பதையும் நான் விளக்கினேன்.)

மேலே படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்பது என் ஆசை. பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்க, யாராவது பெரிய மனிதர் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லாம் துரைகள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியும், அப்பாவுக்கு ஒரு பெண் இருப்பது தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தது. உத்திர வீதியில் ஒரு வக்கீல், ஐயங்கார். கண்டோன்மெண்டில் ஏதோ ஒரு பங்களாவில் அப்பாவின் சுவரைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு முன்னறைக்கும் அதேபோல் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். கட்சிக்காரர்களை உட்காரவைக்கும் அறை. அவர் பயிற்சிப் பள்ளியின் கமிட்டியிலும் ஓர் அங்கத்தினர்.

அப்பா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார்.

"கூலி சாமி இஷ்டம்போலக் குடுங்க. எம்பொண்ணு படிச்சிருக்கு. அதுக்கு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்தா போதும்."

வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "அதுக்கென்ன. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி நம்மாத்துலதான் கூடறது. தலைவர் வருவார், ரிட்டயர்டு ஜட்ஜ். அன்னிக்கு இவளையும் வரச் சொல்லு. நேரே அறிமுகப்படுத்திடறேன். சுவரையும் பார்த்த மாதிரி ஆச்சு, பொண்ணையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார்.

ஆக, அந்த வாரம் அப்பா ஒட்டியது என் எதிர்காலத்தை.

காகிதச் சுருள்கள் மதராஸிலிருந்து ஒரு பெட்டியில் வந்தன. கூடவே இங்கிலீஷில் அச்சிட்ட ஒரு தாள். அதைப் படித்துச் சொல்ல என்னையும் அழைத்துப் போனார்கள். அப்பாவுக்கு அதில் எழுதியிருப்பது எதுவும் தேவையில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. என்னை நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் படிக்கவைத்துக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. நான் முன்னறையின் நடுவில் நின்றுகொண்டு முழுவதையும் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கடைசியில் கம்பெனியின் விலாசத்தையும் விடவில்லை.

"விலாசத்தையும் சுவத்துல ஒட்டணுமா, வாத்தியாரம்மா?" என்றார் சித்தப்பா.

காகிதம் அழகாக இருந்தது. இளம்பச்சையில் திராட்சைக் கொடி, அதில் ஜோடி ஜோடியாகக் கிளிகள். ஒவ்வொரு கிளியின் தலையும் கழுத்தும் ஒரு பட்டையில் இருக்கும், உடம்பும் வாலும் அடுத்த பட்டையில். சேர்த்து ஒட்டினால்தான் கிளி. வக்கீலின் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, "கிளின்னா மங்களம்தான்" என்று அனுமதி கொடுத்தாள். அந்த வீட்டில் வக்கீலுக்குக் கோர்ட்டில் பேசும் உரிமை மட்டும்தான் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. நான் அவளை "மாமி" என்றேன். (என்னோடு படித்த ஐயங்கார்ப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அம்மான்னு சொல்லு" என்று சித்தப்பா முழங்கையால் இடித்தார். நான் சொல்லவில்லை.)

அப்பா அந்த வீட்டுக்கென்று எவ்வளவு யோசித்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பங்களாக்களில் சுவருக்கு முதல் பூச்சாக வச்சிரம் பூசுவார். அது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. ஸ்ரீரங்கத்தில் அது ஆகாது என்று யாரும் சொல்லாமலே அதை விட்டுவிட்டு, கருவேலம் பிசினை ஊறவைத்துப் பூசினார். பசைக்கும் புதுப்பானை, புது அகப்பை. பிரஷ்கூடப் பன்றி மயிரில் செய்தது என்று அதைத் தள்ளிவிட்டு, தென்னம்பாளையைத் தட்டி நாராக்கிக் கட்டிக்கொண்டார். ஐந்து நாள் சுரண்டி, தேய்த்து, தடவி, ஆறாம் நாளான வியாழக்கிழமை காலையில் முதல் பட்டையை ஒட்டினார். சாயங்காலத்துக்குள் நீளச் சுவர் முழுவதும் முடிந்துவிட்டது. நான் ஒட்டைத் தேடினேன். தெரியவில்லை. ஒவ்வொரு கிளிக்கும் தலை இருந்தது. அப்பா கதவைச் சாத்தப் போனார்.

"தூங்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் கமிட்டிக்காரங்க வர்றப்போ தொறந்துக்கலாம். முழுக்கக் காயாது, ஆனா யாரும் சாயாம இருந்தா போதும்" என்றார்.

அப்போது மாமி வந்தாள். குளித்துவிட்டு, எதையும் தொட்டுத் தீட்டாகாமல் மடியாக இருந்தாள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஏண்டிம்மா, நீ படிச்ச பொண்ணு. கேக்கறேன், சொல்லு. இந்தப் பசையிலே வச்சிரம் கிச்சிரம்னு தகாதது ஏதும் கலக்கலையே?"

அப்பா, "இல்லைங்கம்மா, வெறும் பசைங்க" என்றார். கேள்வி அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. படித்த பெண்ணே என்று கூப்பிட்டும் கேட்கப்பட்டது.

"தகாதது ஒண்ணுமே இல்லை மாமி. சுத்தமான மைதா மாவு. முதல்ல பச்சைத் தண்ணியில கட்டி தட்டாம கரைச்சுப்போம். அப்புறம் அடுப்புல ஏத்தி, கிண்டிக்கிட்டே இருக்கணும். நல்லா வெந்து, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிடணும். வேகலைன்னா ஒட்டாது. நாங்க நல்லாவே வேகவெச்சிருக்கோம்."

மாமியின் முகம் மாறியதை நான் பாராட்டு என்று நினைத்தேன்.

"வேகவெச்சிருக்கேளா."

"ரெண்டு தடவை மாமி."

"அப்போ," என்று மாமி சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள், "இந்தச் சுவர் முழுக்கப் பத்து."

விஷயம் தெரியாதவர்களுக்காக: அந்த வீடுகளில், தண்ணீர் விட்டு அடுப்பில் வேகவைத்த எதுவும் பத்து. சோற்றைத் தொட்ட கையை அலம்பாமல் தயிரையோ நெய்யையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக் கூடாது. சோற்றுப் பானை வைத்த இடத்தைக்கூடத் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். மாமி தினமும் மடியாகப் பெருமாள் உள்ளுக்கு, அதாவது பூஜை அறைக்கு, போகிற வழி இந்தச் சுவரை ஒட்டித்தான். அப்பா வச்சிரத்தை யோசித்தார், பன்றி மயிரை யோசித்தார், பானையைக்கூட யோசித்தார். அந்த ஒன்றை அவர் யோசிக்கவில்லை. துரைகள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு வக்கீல் வந்தார். மாமி சொன்னாள்: "சுவர் பூரா சாதத்தை அப்பின மாதிரி இருக்குன்னா. போறச்சே வரச்சே தோள் பட்டா, நான் எத்தனை தரம் குளிக்கறது? நாளைக்கு வர்ற ஜட்ஜும் ஆசாரக்காரர். அவரை இதுல சாய்ஞ்சு உக்காருங்கோன்னு சொல்லப் போறேளா?"

வக்கீல் சுவரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "என்ன தங்கவேலு, எடுத்துட முடியுமா?" என்றார் மெதுவாக. அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் கண் எதிரே கடிதம் சுவரோடு சேர்ந்து கிழிந்துகொண்டிருந்தது.

"மாமி, வடாத்துக்குக் கூழைக் கிண்டி வேகவெச்சுத்தானே பிழியறீங்க? காய்ஞ்சதும் அது பத்து இல்லைதானே? டப்பாவுல போட்டு வருஷம் பூரா வெச்சுக்கறீங்களே. இதுவும் காய்ஞ்சா மாவுதான்."

வக்கீல் நிமிர்ந்தார். "பேஷ். நல்ல பாயிண்டு. என்னடி சொல்றே?" என்றார். கோர்ட்டில் அவருக்கே கிடைக்காத முன்தீர்ப்பு கிடைத்த சந்தோஷம். என்னைப் பார்த்த பார்வையில், கடிதத்தின் முதல் வரியை எழுதத் தொடங்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

மாமி அவசரப்படவில்லை.

"வடாத்தை வெயில்ல காயப்போடறோம். சூரியன் பட்டு அது சுத்தியாறது. இந்தச் சுவரை எந்த மொட்டை மாடியிலே கொண்டு போய்க் காயப்போடறதாம்?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். நான் மட்டும் மேலே பார்த்தேன். நாட்டு ஓடு வேய்ந்த சாய்ப்பு.

"ஓட்டைப் பிரிச்சா வெயில் விழுமே மாமி" என்றேன்.

அந்த நொடியை நான் பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா சட்டென்று, "அது எப்படி..." என்று தொடங்கினார். அப்பா அவர் கையைத் தொட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஈரம் மெதுவாக இறங்க வேண்டும், வெயிலோ காற்றோ படக் கூடாது என்று அந்த இங்கிலீஷ் தாளிலும் எழுதியிருந்தது. நான்தான் அதை உரக்கப் படித்தேன். தமிழிலும் சொன்னேன்.

மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெயில் பட்டா சரிதான்" என்றாள். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சித்தப்பா கூரை மேல் ஏறினார். நீளச் சுவருக்கு நேராக இரண்டு வரிசை ஓட்டைப் பிரித்து அடுக்கினார். பங்குனி வெயில். அது கேட்ட இடத்தில் கேட்டதற்கு மேலாகவே விழுந்தது. வீதியில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

"என்னப்பா, வக்கீலாத்துல கூரை மாத்தறாளா?"

"இல்லைங்க. சுவர் காயுது" என்றார் சித்தப்பா, மேலேயிருந்து, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

பிரித்த வழியாக வெயில் மட்டும் வரவில்லை. முதலில் ஒரு காக்கை வந்தது. அது அலமாரி மேல் உட்கார்ந்து கிளிகளைக் கவனித்தது. மாமி வெளியே நின்றபடியே, "வடாம்னா காவல் வேணும்" என்று சொல்லி, நுனியில் கறுப்புத் துணி கட்டிய ஒரு கழியை என்னிடம் நீட்டினாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நான், இங்கிலீஷில் காளையையும் கழுகையும் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிய நான், ஒரு வக்கீலின் அறையில் கழியை வைத்துக்கொண்டு சுவருக்குக் காக்கை ஓட்டினேன்.

அப்பா மூலையில் குந்தியிருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை அல்ல, சுவரின் மேல் விளிம்பை. பத்தரை மணி இருக்கும். நொறுக்கென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, அப்பளம் ஒடிகிற மாதிரி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப்பா அது?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. காயுது."

மத்தியானத்துக்குள் ஒட்டுகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் நூல் அளவு. பிறகு விரல் அளவு. ஈரம் இருந்தவரை நீண்டிருந்த காகிதம், வெயிலில் திடீரென்று சுருங்கி, அக்கம்பக்கத்துப் பட்டைகள் ஒன்றையொன்று விட்டு விலகின. கிளிகளின் கழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தலைகள் ஒரு பக்கமும் உடல்கள் ஒரு பக்கமுமாக, நடுவில் வெள்ளைச் சுவர். மங்களமான காட்சி இல்லை. நான் அடியில் போய்க் கையால் அமுக்கினேன். அமுக்கிய இடத்தில் நின்று, கையை எடுத்ததும் இன்னும் கொஞ்சம் சுருண்டது. "விடும்மா" என்றார் அப்பா. "தொட்டா மேல்கொண்டு கெடும்." கோபமே இல்லாத குரல். கோபித்திருந்தால் எனக்கு அழுகையாவது வந்திருக்கும்.

மூன்று மணிக்குச் சித்தப்பா ஓடுகளைத் திரும்ப வேய்ந்தார். மாமி எட்டிப் பார்த்து, "இப்போ பத்து இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். அது உண்மை. அதில் ஒட்டும் தன்மையே மிச்சமில்லை.

நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். நாங்கள் பின்பக்கமாகப் போயிருக்கலாம். வக்கீல்தான், "இரு தங்கவேலு, கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியலை. பொண்ணையும் அறிமுகப்படுத்திடறேன்" என்றார். பாவம், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். ஜட்ஜ் நடுநாயகமாக நீளச் சுவரின் கீழ் உட்கார்ந்தார். உயரமான மனிதர், சரிகைத் தலைப்பாகை, பெரிய நாமம். மற்ற மூவரும் எதிரே. மாமி வெள்ளித் தட்டில் பலகாரம் அனுப்பினாள். நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். கையில் இன்னும் அந்தக் கழி இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜட்ஜ் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டப்போகும் கட்டடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் தலைக்கு மேலிருந்த பட்டை, மேல் விளிம்பிலிருந்து மெதுவாக, ரொம்ப மரியாதையாக, முன்பக்கம் வளைய ஆரம்பித்தது. எதிரே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜட்ஜ் பேசும்போது குறுக்கிடும் வழக்கம் இல்லை. பட்டை பாதி வரைக்கும் இறங்கி, ஒரு கணம் யோசித்து, பிறகு மொத்தமாக அவர் தலைமேல் கவிழ்ந்தது. பசைப் பக்கம் உள்ளே. தலைப்பாகை, நாமம், கையிலிருந்த பலகாரம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, தலையில்லாத நாலு கிளிகள் வெளியே தெரிந்தன.

காகிதத்துக்குள்ளிருந்து ஜட்ஜின் குரல் வந்தது. "இது என்ன?"

"வால்பேப்பர்" என்றார் வக்கீல்.

"சுவரில் இருப்பதல்லவா வழக்கம்?"

நானும் அப்பாவும் ஒரே சமயத்தில் ஓடினோம். அப்பா காகிதத்தை மெல்ல எடுத்தார், அது கிழியாமல். அந்த நேரத்திலும் கிழியாமல். ஜட்ஜ் மூக்கின் மேலிருந்து காய்ந்த பசைச் செதிலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கழியையும் கறுப்புத் துணியையும் பார்த்தார்.

"இவள் யார்?"

ஒரு வாரமாக நான் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வக்கீல் சொல்ல வேண்டிய பதிலும் எனக்கு மனப்பாடம். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"காகிதம் ஒட்ட வந்தவனோட பொண்ணு" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நான் அதுதான். ஆனாலும் அதுவரைக்கும் அந்த விவரம் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் மிச்சத்தைப் பிரித்தெடுக்கப் போனார்கள். நானும் போனேன், போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கத் தைரியம் இல்லை. ஒவ்வொரு பட்டையும் தொட்டதுமே வந்தது. சட்டப் புத்தக அலமாரியின் நிழல் விழுந்திருந்த மூலையில் மட்டும் ஒரு பட்டை வரவே இல்லை. வெந்நீர் ஊற்றி, ஊறவைத்து, தகட்டால் அங்குலம் அங்குலமாகச் சுரண்ட வேண்டியிருந்தது. அரை நாள் ஆயிற்று. சித்தப்பா வியர்த்து வழிந்தபடி சொன்னார்: "இது அண்ணன் ஒட்டுனது. அங்க விழுந்தது பூரா வாத்தியாரம்மா ஒட்டுனது."

அப்பா சுரண்டிக்கொண்டே இருந்தார். அவரே ஒட்டியதில் ஆகச் சிறந்த சுவரை, அவர் கையாலேயே, சுவடு தெரியாமல் எடுத்தார். எடுத்ததிலும் ஒட்டுத் தெரியவில்லை. பிறகு சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தோம். வக்கீல் வாசல் வரைக்கும் வந்து, அப்பாவிடம், "அந்த லெட்டர் விஷயம்... அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். அப்பா, "சரிங்க சாமி" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அந்த ஒரு வருஷம் நான் வீட்டில் பசை கிண்டினேன். யாரும் சொல்லவில்லை, நானே அகப்பையை எடுத்துக்கொண்டேன். கட்டி தட்டாமல் கிண்டுவது பூகோளத்தைவிடக் கடினம். முதல் மாதம் கிண்டியதையெல்லாம் அப்பா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு வைத்தார். என் பள்ளித் தோழிகள் பயிற்சிக்குச் சேர்ந்து, சனிக்கிழமைகளில் வெள்ளைப் புடவையோடு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். நான் அடுப்புப் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறு வருஷம் எங்கள் தலைமையாசிரியை தானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து எனக்கு இடம் வாங்கித் தந்தார். இப்போது நானும் ஆசிரியை. நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறார்கள். கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்வதில்லை. பிள்ளைகள் அதை என் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள்.

வீட்டில் ஒரு விசேஷம் என்றால், இலை எடுத்ததும் இந்தக் கதையை எடுப்பார் சித்தப்பா. காக்கை இப்போது நாலு காக்கையாகிவிட்டது. ஜட்ஜின் தலைமேல் விழுந்தது மொத்தச் சுவர் என்கிறார். மேலே உட்கார்ந்துகொண்டு "சுவர் காயுது" என்று சொன்ன இடத்தில் அம்மாகூடச் சிரிக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டவர் முதல் தடவை கேட்டபோது புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. நானும் சிரிப்பேன். என் பங்குக்கு மாமி போலப் பேசியும் காட்டுவேன்.

எல்லாம் முடிந்ததும் புதிதாகக் கேட்கிறவர் யாராவது ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கேட்பார்கள். "அதுசரி, நீங்க தொழில்காரரு. வெயில் பட்டா பிரிஞ்சுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்பார் அப்பா.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, கேலி ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்வார்.

"படிச்ச பொண்ணு சொல்லுது. நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கும்னு நினைச்சேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இடத்தில் எனக்கு மட்டும் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமாகும்.